நடைவண்டிப் படம் போட்ட பட்டாசுக் கடை

1

இந்த வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் பருப்பு இருந்த இடத்தில் நாய்த்தீனியை வைத்துவிட்டார்கள். ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடமாக அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகிறேன். நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி மூன்றாவது அலமாரியில் கையை நீட்டினால் சிவப்புப் பருப்பு வரும். கண்ணால் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. சனிக்கிழமையும் அப்படித்தான் எடுத்துக் கூடையில் போட்டேன். கல்லாவில் இருந்த பெண், "நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோதே சுதாரித்திருக்க வேண்டும். ஏதோ புது ஜெர்மன் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, "நலம், நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உலை வைத்த பிறகு பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே எலும்பு வடிவத்தில் பிஸ்கட்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். எங்கள் மாடி வீட்டு அம்மாள் அதே அலமாரி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காப்பித்தூள் கிடைக்கவில்லையாம். இருவரும் சேர்ந்து பத்து நிமிடம் கடைக்காரர்களைத் திட்டினோம். பதினான்கு வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது மனசு குறுகுறுத்தது. எவனோ ஒருவன் ஓர் அலமாரியை மாற்றியதற்கு இந்தக் கோபம் என்றால், நான் பண்ணிய காரியத்துக்கு என்னை என்ன செய்வது? என் பிழைப்பே இணையப் பக்கங்கள் வடிவமைப்பது. எங்கள் அலுவலகத் தலைவி ஊர்சுலா, சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. "உன் பக்கத்துக்கு வருகிறவர் வெறும் கையோடு வருவதில்லை. இதுவரை பார்த்த எல்லாப் பக்கங்களையும், எல்லாக் கடைகளையும், எல்லாப் படிவங்களையும் கண்ணில் சுமந்துகொண்டு வருகிறார். அவர் கை எங்கே போகுமோ அங்கே பொருளை வை." இதை நான் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். சொந்த அண்ணன் கடைக்குச் செய்தபோது மட்டும் மறந்துவிட்டேன்.

2

இத்தனைக்கும் பழக்கம் எப்படிக் காலை வாரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வந்த புதிதில் உப்பு வாங்கப் போனேன். ஊரில் எங்கள் வீட்டில் கல் உப்புதான். இங்கே ஒரு பெட்டியின் மேல் பருமனான கல் உப்புப் படம் தெரிந்ததும், பெற்ற தாயைப் பார்த்த மாதிரி பாய்ந்து எடுத்துக்கொண்டேன். ஆறு வாரம் அதில்தான் சாம்பார். வீட்டுக்கு வந்த ஊர்சுலா பெட்டியைப் பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிவிட்டாயா?" என்று கேட்டார். அது இயந்திரத்துக்குள் போடுகிற உப்பாம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் இரண்டு தரம் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. "அந்த உப்பு நல்லாத்தான இருந்துச்சு" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

அந்த ஊர்சுலா வீட்டு விருந்தில்தான், "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றவரிடம், "வேண்டாம், வயிறு நிறைஞ்சிருச்சு" என்பதை அப்படியே ஜெர்மனில் மாற்றி, "நான் நிறைந்துவிட்டேன்" என்றேன். இங்கே அதற்கு நான் குடித்திருக்கிறேன் என்று அர்த்தம். அவர் கணவர் என் டம்ளரை மோந்து பார்த்தார். உள்ளே ஆப்பிள் ஜூஸ்.

படிவங்கள் தனிக் கதை. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டைப் பொறுத்தவரை நான் சண்முகவேல். பாக்கியலட்சுமி என்ற என் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாமல், கடிதங்கள் எல்லாம் 'திரு. சண்முகவேல்' என்றே வரும். மகள் எழில் வயிற்றில் இருந்தபோது, கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குத் திரு. சண்முகவேலை அன்போடு அழைத்திருந்தார்கள். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "சீசன் நேரம், வர முடியாதுன்னு பதில் எழுதிரு" என்றார்.

3

அண்ணன் முருகேசனுக்குப் பெண் எடுத்தது சிவகாசியில். ராஜாத்தி மதினியின் அப்பாவுக்குப் பட்டாசு மொத்தக் கடை. அவருக்குப் பின் அதை அண்ணனும் மதினியும் பார்க்கிறார்கள். வெளியே பார்ப்பவர்களுக்கு அண்ணன்தான் முதலாளி. உள்ளே மதினி சொல்லாமல் ஒரு அட்டைப்பெட்டி நகராது.

அந்தக் கடையின் உயிர் ஒரு விலைப்பட்டியல். நாலாக மடித்த ஒரே தாள். மேலே முருகன், நடுவில் கடைப் பெயர், சுற்றிலும் பூ பார்டர். அதற்குள் நூற்றுச் சொச்சம் சாமான்கள், எறும்பு ஊர்கிற எழுத்தில். ஒவ்வொரு வருடமும் சித்திரை தாண்டியதும் அச்சடித்து, தெருச் சீட்டு நடத்துகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், ஆலை ஊழியர்கள் என்று பழைய வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் போகும். அவர்கள் எண்ணிக்கையைக் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். லாரி சர்வீஸில் லோடு போகும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஆசை வந்தது. "தங்கச்சி ஜெர்மனியில கம்பெனிக் கம்பெனிக்கா வெப்சைட் போடுறா. நமக்கு ஒண்ணு போட மாட்டாளா?"

நான் போட்டேன். என் ஜெர்மன் வித்தை முழுவதையும் இறக்கினேன். தூய வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு கம்பி மத்தாப்பு, ஒரு பொறி பறக்கிற படம். ஓரத்தில் மெல்லிசாக நாலு சொற்கள். அதைத் தொட்டால்தான் சாமான்களின் வகை விரியும். சாமான்களை அகர வரிசையில் அடுக்கினேன். வாங்கும் பொருளைப் போட, மூலையில், இங்கே பெரிய கடைகளுக்குள் தள்ளிக்கொண்டு போகிற தள்ளுவண்டிப் படம். அலுவலகத்தில் காட்டினேன். அழகு என்றார்கள். அண்ணனுக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த வருடம் விலைப்பட்டியல் அச்சடிக்கவில்லை. வெப்சைட் முகவரியை மட்டும் ஒரு கார்டில் அடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்.

ஜூலை கடைசியில் மதினி ஃபோன் பண்ணினார்.

"பாக்கியம், நல்லா இருக்கியா? பிள்ளை நல்லா இருக்காளா?"

"இருக்கோம் மதினி. ஆர்டர் எப்பிடி வருது?"

"வரல."

"கொஞ்சமா வருதா?"

"வரலைன்னா வரல. போன வருசம் இந்நேரம் கோடவுன்ல நிக்க இடமில்ல. இப்ப பேக்கிங் பண்ற பொம்பளைக சும்மா உக்காந்து பேன் பாத்துக்கிட்டு இருக்காக. வேலை இல்லைன்னு அனுப்பிட்டா அவுக வேற கம்பெனிக்குப் போயிருவாக. அப்புறம் ஆர்டர் வந்தாலும் கட்ட ஆளு கிடையாது."

"இப்பவாவது லிஸ்ட் அடிச்சிரலாமே மதினி?"

"எங்கன அடிக்க? ஊர்ல இருக்க அம்புட்டு மிசினும் காலண்டர் ஓட்டிக்கிட்டு இருக்கு. உங்க அண்ணன் நாலு பிரஸ்ல கேட்டுட்டாக. தீவாளி கழிச்சு வாங்கன்னு சொல்றாக."

மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இங்கிருந்தே ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். ஊர்சுலாவிடம் மூன்று வாரம் விடுப்புக் கேட்டு, எழிலையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

4

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் ஒருவரைத் திரை முன்னால் உட்காரவைத்து, நாங்கள் பின்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உதவக்கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்தால் போதும். சிவகாசியில் இறங்கிய மறுநாளே கடைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டேன்.

முதலில் வந்தவர் ஜோதிமணி டீச்சர். சாத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. தெருவில் நாற்பது வீட்டுக்கு வருடா வருடம் மொத்தமாகப் பட்டாசு வாங்கிக் கொடுப்பவர். பட்டியல் வரவில்லையே என்று நேரில் விசாரிக்க வந்தவரை மதினி பிடித்து என்னிடம் ஒப்படைத்தார். பக்கத்தைத் திறந்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், பாருங்க."

"வரட்டும்மா, அவசரமில்ல. எங்க ஸ்கூல் கம்ப்யூட்டரும் இப்பிடித்தான். மொதல்ல வெள்ளையாக் கெடக்கும், மெதுவாத்தான் எழுத்து வரும்."

"வந்துருச்சு டீச்சர். அம்புட்டும் வந்துருச்சு."

"வந்துருச்சா? எங்கன?"

நான் ஓரத்தில் இருந்த நாலு சொற்களைக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பாவம், அடிக்கும்போது மை தீந்துருச்சோ?" என்றார்.

இரண்டாவது சங்கரபாண்டி அண்ணாச்சி. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் மெஸ் வைத்திருக்கிறார். அவர் வெள்ளை இடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"ஏன்த்தா, இம்புட்டு இடத்தைச் சும்மா விட்டிருக்கீகளே, யாருக்கும் வாடகைக்கு விடப் போறீகளா?"

பதில் சொல்லக் கூடாது என்பதால் சிரித்து வைத்தேன். அவர் கண் மூலைக்குப் போனது.

"நடைவண்டிப் படம் போட்டிருக்கு. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் விக்கிறீகளா? பேத்திக்கு ஒண்ணு வேணும்."

தள்ளுவண்டியோடு சாமான் எடுக்கிற கடையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. குழந்தை நடை பழகுகிற வண்டியைத்தான் பார்த்திருக்கிறார். அவர் கண் சரியாகத்தான் வேலை செய்தது. என் கண்ணைத்தான் ஸ்டுட்கார்ட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். 'ஆர்டர் அனுப்பு' பொத்தானைக் காட்டினால் அண்ணாச்சி விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாந்த்தா. தெரியாமத் தொட்டு லோடு கெளம்பிருச்சுன்னா?"

5

மறுநாள் காலை நான் குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கையில் மதினிக்கு ஒரு ஃபோன் வந்தது. மதுரையிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர். மதினி ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் பேனா.

"சொல்லுங்க. இருவத்தி மூணுல அஞ்சு. நாப்பத்தி ரெண்டுல பத்து. அம்பத்தி ஆறு வேண்டாமா? ஏன், போன வருசம் பிள்ளைக பயந்துருச்சா? சரி. அறுவதுல ரெண்டு."

வைத்ததும் கேட்டேன். "சாமான் பேரே சொல்லலையே மதினி?"

"பேரு எதுக்கு? நாப்பத்தி ரெண்டுன்னா பெரிய புஸ்வாணம். எங்க அப்பா காலத்துல இருந்து அதான். அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பேசுறாக."

அகர வரிசையில் நான் புஸ்வாணத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போன வருடத்துப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்கி, மேஜையில் விரித்து, கம்ப்யூட்டரில் அதை அப்படியே வரைய ஆரம்பித்தேன். மேலே முருகன், பூ பார்டர், மஞ்சள் தளம், சிவப்பு எழுத்து. ஒன்றாம் நம்பர் சின்னக் கம்பி மத்தாப்பில் தொடங்கி அதே வரிசை, அதே எண். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் எண்ணிக்கை போட ஒரு கட்டம். தள்ளுவண்டியை எடுத்துவிட்டு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிப் படம். 'ஆர்டர் அனுப்பு' என்பதற்குக் கீழே, 'தொட்டதும் லோடு கிளம்பாது, முதலில் உங்களுக்கு ஃபோன் செய்து கேட்போம்' என்று ஒரு வரி. சிவப்பு எழுத்து போடும்போது மட்டும் கை கொஞ்சம் கூசியது. ஜெர்மனியில் சிவப்பு என்றால் நீ தப்புப் பண்ணிவிட்டாய் என்று அர்த்தம்.

எழில் பின்னால் வந்து நின்றாள். ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, இந்தப் பக்கம் கத்துது" என்றாள்.

மதினி அவளை மடியில் இழுத்துக்கொண்டார். "பட்டாசுக் கடை கத்தாம, பாட்டா பாடும்?"

"எங்க ஊர்ல கடை கத்தாது, அத்தை."

"உங்க ஊரு எது, சொல்லு பாப்போம்?"

எழில் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். "அம்மாவோட ஊரு இது. என்னோட ஊரு அது" என்றாள். மதினி, "ரெண்டுலயும் வீடு இருக்கவளுக்கு என்ன கொறை" என்று சொல்லி அவள் கையில் சேவுப் பொட்டலத்தைக் கொடுத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் முடியக் கொஞ்ச நாளானது.

இரண்டு நாளில் பக்கம் தயார். மதினியும் அண்ணனும் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டு, பட்டியல் வந்துவிட்டது, பக்கத்து பிரவுசிங் சென்டரில் பாருங்கள் என்று சொன்னார்கள். நான் ஈமெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கூரியர்க்காரர் ஒரு கட்டு உறையோடு வந்தார். பிரித்தால், என் இணையப் பக்கம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, கட்டங்களில் பால்பாயிண்ட் பேனாவால் எண்ணிக்கை நிரப்பி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஃபேக்ஸிலும் வந்தது. ஜோதிமணி டீச்சர் பஸ் ஏறி நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "இப்ப மை நல்லா விழுந்துருக்கு" என்று பாராட்டினார்.

அந்த வாரம் என் பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை. நான் ஈமெயில் பெட்டியை மூடிவைத்தேன். ஆனால் கோடவுனில் பெண்கள் எழுந்து நின்று அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று மதினி என் பெட்டியில் மிளகாய் வத்தலைத் திணித்துக்கொண்டே சொன்னார். "நீ ஒண்ணும் வருத்தப்படாத. சனம் மொதல்ல பேப்பர்ல பழகட்டும். அப்புறம் பட்டனுக்கு வரும்." இரண்டாம் வருடம் பாதிப் பேர் வந்தார்கள்.

திரும்பி வந்து ஊர்சுலாவிடம் பக்கத்தைக் காட்டினேன். அவருக்குக் கண் கூசியது போலும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில் எதையும் தொட்டுவிடாதே" என்றார்.

6

போன தீபாவளிக்கு முன்னால் மதினியிடமிருந்து மறுபடி ஒரு ஃபோன். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் தனசேகரன் என்பவரும் வெப்சைட் போட்டுவிட்டாராம். பார்த்தேன். என் பக்கமேதான். பார்டர், மஞ்சள், அட்டைப்பெட்டி, 'தொட்டதும் லோடு கிளம்பாது' எல்லாம் அப்படியே. கடைப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அடியில் இருந்த ஃபோன் நம்பரை மாற்ற மறந்துவிட்டார்கள். அது மதினியின் நம்பர்.

"தனசேகரன் கடையான்னு கேட்டு பதினேழு பேரு ஆர்டர் சொல்லிட்டாக, பாக்கியம்."

"என்ன செஞ்சீக மதினி?"

"மொத ரெண்டு பேருக்கு ராங் நம்பர்னு சொன்னேன். அவுக திரும்பத் திரும்ப இங்கனயே போடுறாக. பாவம், வேற நம்பர் அவுகளுக்கு ஏது? எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுருக்கேன்."

அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுப்பது கேட்டது. தானாக வந்த ஆர்டரை ஏன் விடணும் என்கிறார். மதினி ரிசீவரைப் பொத்தாமலே அவருக்குப் பதில் சொன்னார். "அவுக வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரகளை நம்ம வீட்டுல உக்காரவச்சுப் பொண்ணு காட்டச் சொல்றீகளா?"

எனக்குக் கோபம் வேறு திசையில் இருந்தது. மூன்று வார விடுப்பில், வேர்க்க விறுவிறுக்க நான் செய்த பக்கம். "மதினி, அவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்க. அது என் வேலை."

"வரட்டும், பேசுறேன்" என்றார்.

தனசேகரன் ஒரு பெட்டி அல்வாவோடு வந்தாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். மதினி நோட்டைப் பிரித்துப் பதினேழு ஆர்டரையும், பெயரும் ஊருமாக வாசித்து, தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டாராம்.

"மதினி, லிஸ்ட்டுல முப்பத்தி ஒண்ணுக்கு நேரா 'இல்லை'ன்னு போட்டிருக்கே. நாங்களும் அப்பிடியே போட்டுட்டோம். அது என்ன சாமான்?"

அது ரொம்ப வருடத்துக்கு முன்னால் செய்வதையே நிறுத்திவிட்ட ஒரு வெடி. எண்ணை எடுத்தால் கீழே உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறிவிடும் என்று மதினியின் அப்பா அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தார். தனசேகரன் கடையில் அந்த வெடி என்றைக்குமே இருந்ததில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

"பக்கத்தை எடுக்கச் சொன்னீகளா மதினி?" என்று கேட்டேன்.

"நம்பரை மாத்தச் சொன்னேன். வரிசையை மட்டும் மாத்திராதீக, சனம் பழகிருச்சுன்னு சொன்னேன்."

"அது நான் செஞ்சது மதினி."

"நீதான் செஞ்ச, இல்லைங்கல. ஆனா அவரு கடைக்கு வந்த பொம்பளை, பெரிய புஸ்வாணம் நாப்பத்தி ரெண்டுல இல்லைன்னு முழிச்சுக்கிட்டு நின்னா யாருக்கு என்ன லாபம்?"

அடுத்த வாரம் தனசேகரன் கடைப் பக்கத்தில் நம்பர் மாறியிருந்தது. மதினிக்கு ஃபோன் பண்ணி, பதினேழு பேரும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று விசாரித்தேன்.

"பதினஞ்சு பேரு போயிட்டாக. ரெண்டு பேரு மாட்டேங்கறாக. உங்ககிட்டயே வாங்கிக்கறோம், உங்க குரல் பழகிருச்சுங்கறாக. ரெண்டே தரந்தான் பேசுனேன், பாக்கியம். தனசேகரனும் நீங்களே குடுத்துருங்க மதினின்னுட்டாரு. நான் என்னத்தச் செய்ய?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. பின்னால் அட்டைப்பெட்டிக்குக் கயிறு இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு பேருடைய லோடு அன்றைக்குச் சாயங்காலம் கிளம்புவதாக இருந்தது.